பதினான்கா, பதினைந்தா

ஜனவரி 11

மீன் தொட்டித் தண்ணீரிலேயே, மண் இல்லாமல் செடி வளர்க்கப் போகிறேன். செடிப் பாத்தியில் போட ஜல்லி கழுவி முடிந்தது. மூன்று நாள். முதல் நாள் சேறு, இரண்டாம் நாள் பால், இன்றுதான் தண்ணீர் தண்ணீராக வடிந்தது. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, போன் என் கைரேகையை ஏற்க மறுக்கிறது.

கழுவுவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றிப் பார்த்திருந்தேன். நுரைத்தால் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது என்று அர்த்தம், தண்ணீரின் பி.எச். (புளிப்பு கூடினால் இறங்கும் அளவு) மேலேயே நின்றுகொள்ளும். நுரைக்கவில்லை. ஒரே ஒரு கல்லில் மட்டும் நாலு குமிழி. அதைத் தூக்கி எறிந்தாயிற்று. அதன் அண்ணன் தம்பிகள் உள்ளே எத்தனை பேரோ.

ஜனவரி 12

தொட்டி 500 லிட்டர். பாத்திகள் இரண்டு, ஒவ்வொன்றும் 250, ஆழம் 30 சென்டிமீட்டர். தண்ணீர் நிரப்பிக் காற்றுக் குமிழியை ஓடவிட்டிருக்கிறேன். குளோரின் போக இரண்டு நாள்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மீன் எங்கடா?" என்றாள். ஒரு மாதம் ஆகும் என்றேன். "அதுவரைக்கும் இந்தத் தண்ணிக்கா கரண்டு?"

ஜனவரி 15

அமோனியா விட்டேன். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக. மீன் செவுள் வழியாக விடும் கழிவை, மீன் இல்லாமலே தொட்டிக்குள் கொண்டு வந்தாயிற்று. இனி இதைத் தின்ன ஆள் வரவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆள், பாக்டீரியா.

ஜனவரி 16

பாத்தித் தண்ணீரைத் தானாகவே தொட்டிக்கு இறக்கும் மணிச் சைஃபனோடு ஒரு முழு நாள். நடுவில் ஓர் அங்குலக் குழாய், அதைச் சுற்றி மேலே மூடி அடைத்த மூன்று அங்குலக் குழாய், கல் புகாமலிருக்க வெளியே ஓட்டை போட்ட நாலு அங்குலக் குழாய். அவ்வளவுதான். ஒரு திருகாணிகூடக் கிடையாது. படத்தில் பார்த்தால் சின்னப் பிள்ளை செய்துவிடும்.

பாத்தி நிரம்புகிறது, நடுக்குழாயின் விளிம்பில் தண்ணீர் ஏறுகிறது, உடனே இழுத்துக்கொண்டு மொத்தமும் தொட்டிக்குள் கொட்ட வேண்டும். கொட்டவில்லை. விளிம்பில் ஒழுகிக்கொண்டே நின்றது. தண்ணீர் வரத்தைக் கூட்டினால் கொட்டுகிறது, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது. குறைத்தால் மறுபடி ஒழுகல். கூட்டு, குறை, கூட்டு, குறை. கடைசியில் வெளிவாயில் ஒரு எல்போ மாட்டினேன். அந்த வளைவில் தண்ணீர் ஒரு நொடி தேங்கிக் குழாயை அடைத்தது. இழுத்தது. அடியில் காற்று நுழைந்ததும் ஒரு பெரிய ஏப்பம் விட்டு நின்றது.

இப்போது 22 நிமிடத்துக்கு ஒரு ஏப்பம். படுக்கையிலிருந்தே கேட்கிறது.

ஜனவரி 19

அமோனியா சோதனைக் குழாயில் பச்சை. அப்படியே.

ஜனவரி 24

வீட்டு உரிமையாளர் வந்தார். டேப் வைத்து அளந்தார். தொட்டியைச் சுற்றிப் போய் அளந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 27

நைட்ரைட் சோதனைக் குழாயில் நீலம் ஊதாவாகியிருக்கிறது. அமோனியாவின் பச்சையும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. முதல் கூட்டம் குடி வந்துவிட்டது! அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகிறது. மீனுக்கு அதுவும் விஷம்தான். அதைத் தின்று நைட்ரேட் ஆக்க இரண்டாவது கூட்டம் வரவேண்டும். செடிக்கு அந்த நைட்ரேட்தான் சோறு.

அம்மாவிடம் ஊதாவைக் காட்டினேன். "அழகா இருக்குடா" என்றாள்.

பிப்ரவரி 6

ஊதா. பத்து நாளாக அதே ஊதா. அட்டையில் இருக்கும் கடைசிக் கட்டத்தையும் தாண்டி, உண்மையில் எவ்வளவு என்றே தெரியாத ஊதா.

இரண்டாவது கூட்டம் எப்போதுமே மெதுவாகத்தான் பெருகும். தெரியும். தெரிந்தும் ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து, சொட்டு எண்ணி, குலுக்கி, ஐந்து நிமிடம் நின்று பார்க்கிறேன். காலையில் பார்த்ததுதான். பாதித் தண்ணீரை மாற்றிவிடலாமா? பாத்தி அதிகமாகக் காய்கிறதோ? பி.எச். 7.6, அதில் குறையில்லை. தண்ணீர் 27 டிகிரி, அதிலும் இல்லை. குறை இல்லாத இடத்தில் குறை தேடுவது எனக்குக் கைவந்த கலை. இதற்கு நடுவே அந்த டேப் வேறு ஞாபகம் வருகிறது. ஏன் தொட்டியை அளக்க வேண்டும்? சுவரை அளந்தால் போதாதா?

"சும்மா சும்மா மூடியைத் திறந்து பாத்தா வேகுமாடா?" என்று இருட்டுக்குள்ளிருந்து அம்மா. அவளும் தூங்கவில்லை.

பிப்ரவரி 12

இன்று திறக்கவில்லை.

பிப்ரவரி 17

நீலம்! இளநீலம். நேற்று விட்ட 2 மில்லிகிராம் ஒரே நாளில் காணோம், நைட்ரைட்டும் இல்லை. நைட்ரேட் குழாய் செக்கச்செவேல் என்று இருந்தது. மூன்று குழாயையும் ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 20

திலாப்பியா குஞ்சு, 15. விரல் நீளம். பையோடு தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றான பிறகு கைவலையில் அள்ளி விட்டேன். கீழே போய் ஒரு மூலையில் கும்பலாக ஒண்டிக்கொண்டன.

தக்காளி, வெண்டை, கீரை நாற்றுகளும் இன்றே. வேரில் இருந்த மண்ணை அலசிவிட்டு நட்டேன்.

பிப்ரவரி 21

ஒன்றும் தின்னவில்லை.

பிப்ரவரி 22

ஒன்று மட்டும் தின்றது.

பிப்ரவரி 24

14. இரண்டு பாத்தியும் நிரம்பியிருக்கும்போது தொட்டியில் தண்ணீர் தாழும், அப்போதுதான் எண்ண வசதி. நாலு முறை எண்ணினேன். 14, 14, 13, 14. தொட்டிக்குப் பின்னால், குழாய் இடுக்கில், தரையில் எல்லாம் தேடினேன். துள்ளி விழுந்திருந்தால் கிடக்க வேண்டுமே. வலை போட்டு மூடிவிட்டேன், இப்போது போட்டு என்ன.

மார்ச் 1

நைட்ரைட் லேசாகத் தலைகாட்டுகிறது, 0.5. தீவனத்தைப் பாதியாக்கி, எதுவும் சேர்க்காத உப்பு அரைக் கிலோ கரைத்து விட்டேன். உப்பின் குளோரைடு செவுளில் முந்திக்கொண்டால் நைட்ரைட் ரத்தத்தில் ஏறாது. லிட்டருக்கு ஒரு கிராம், செடி தாங்கும்.

மார்ச் 14

வெண்டையின் புது இலை மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை, யாரோ பேனாவால் கோடு போட்ட மாதிரி. பழைய இலைகள் நன்றாகவே இருக்கின்றன. புது இலையில் வந்தால் இரும்புக் குறை. மீன் தீவனத்தில் மீனுக்கு வேண்டியது இருக்கும், செடிக்கு வேண்டிய இரும்பு போதாது. டி.டி.பி.ஏ. இரும்பு (தண்ணீரில் கரைந்தே நிற்கும் வகை), 9 கிராம், ஒரு வாளியில் கரைத்து ஊற்றினேன். தண்ணீர் கட்டஞ்சாயா நிறம். மீன்கள் அதற்குள் காணாமல் போய்விட்டன. இன்று எண்ண முடியாது. நிம்மதி.

மார்ச் 22

2.40க்கு விழித்தேன். என்ன சத்தம் என்று யோசித்தேன். சத்தம் இல்லாததுதான் எழுப்பியிருக்கிறது. மின்விசிறி, பம்பு, காற்றுக் குமிழி, எதுவும் இல்லை.

டார்ச் அடித்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர் 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் நிற்கும், 20 டிகிரியில் ஒன்பது நிற்கும். இந்தக் கணக்கெல்லாம் அந்த நேரத்தில் எதற்கு ஞாபகம் வரவேண்டும்? மக்கை எடுத்தேன். மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, ஊற்று. மொண்டு, தூக்கி, ஊற்று. அம்மா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். கை மாற்றிக் கை மாற்றி, 4.55 வரை. நடுவில் அம்மா கேட்டாள், "அங்க போனா இதுக்கு இடம் இருக்குமாடா?" நான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பம்பு உயிர் வந்து முதல் ஏப்பம் கேட்டபோது விடியத் தொடங்கியிருந்தது.

ஒன்று எழுத மறந்தேன். மேலே வந்த வாய்களை எண்ணினேன். 15.

மார்ச் 23

பேட்டரி காற்றுப் பம்பு வாங்கியாயிற்று. தூக்கம்.

ஏப்ரல் 2

வெண்டைக் கொழுந்தில் அசுவினி. மருந்தோ சோப்போ எது அடித்தாலும் சொட்டி மீனிடம் போகும். கொழுந்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒவ்வொன்றாக நசுக்கினேன். விரல் பச்சைப் பிசுக்கு. அம்மா மீதி நசுக்கினாள், என்னைவிட வேகம், என்னைவிட இரக்கமில்லாமல்.

ஏப்ரல் 9

பி.எச். 6.3. எதிர்பார்த்ததுதான், அமோனியா நைட்ரேட் ஆகும்போதெல்லாம் தண்ணீர் புளித்துக்கொண்டே போகும். 6க்குக் கீழே போனால் என் குடித்தனக்காரர்கள் வேலைநிறுத்தம். சிப்பி ஓட்டை உடைத்து வலைப் பையில் கட்டி, தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டேன். புளிப்பு இருக்கும்வரை கரையும், தீர்ந்தால் தானே மந்தமாகும். வினிகரில் நுரைத்த அந்தக் கல்லைத் தூக்கி எறிந்திருக்க வேண்டாம்.

எண்ணினேன். 14.

ஏப்ரல் 15

வீட்டு உரிமையாளரோடு இன்னொருவர். காலி செய்யத் தேதி சொன்னார்கள்.

ஏப்ரல் 16

ஜல்லி 500 லிட்டர், லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ மூட்டையாக 20. கல்லை விட்டுவிட்டு அங்கே போய்ப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கல்லுக்காகவா நான் தவிக்கிறேன். அதன் மேல் ஒட்டியிருக்கிறவர்களை எப்படி விடுவது? மறுபடி அந்தப் பச்சை, மறுபடி அந்த ஊதா, மறுபடி ஒரு மாதம். மீன் அதுவரை எங்கே இருக்கும்?

எல்லாவற்றையும் ஈரம் காயாமல் கொண்டுபோக வேண்டும். ஈரச் சாக்கு, மூச்சு முட்டாமல் வாயைக் கட்டாத சாக்கு, நிழல், அன்றைக்கே மறுபடி தண்ணீர் ஓட வேண்டும். பழைய தண்ணீரில் பாதி டிரம்மில். செடிகளில் கீரையை அறுத்துவிடலாம். தக்காளி வராது, வேர் கல்லைக் கட்டிப் பிடித்திருக்கிறது. காய் எல்லாம் பச்சை.

அங்கே பின்பக்கம் வெயில் எத்தனை மணி வரும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மாடி என்றால் இந்த எடையைத் தளம் தாங்குமா என்று கேட்டதற்குச் சிரிக்கிறார்கள்.

ஏப்ரல் 19

தக்காளியை அம்மா பச்சையாகவே பறித்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. 31.

ஏப்ரல் 21

பாத்தி ஓரத்தில் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். கல் கறுத்து வழவழ என்றிருக்கிறது. நாற்றம் இல்லை, மழை பெய்த மண் வாசனை. ஒரு மண்புழு. நான் விடவே இல்லை, நாற்றோடு வந்திருக்கும்.

ஏப்ரல் 23

இன்று முதல் தீவனம் கிடையாது. பையில் போகும்போது வயிறு காலியாக இருந்தால்தான் தண்ணீர் கெடாது. வழக்கமான நேரத்துக்குப் போய் நின்றேன். மேலே வந்தன. என் கையையே பார்த்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல், எல்லாம் ஒரே இடத்தில். இத்தனை நாளில் எண்ணுவதற்கு இவ்வளவு வசதியாக ஒருநாளும் நின்றதில்லை.

எண்ணவில்லை. நாளைக்கு வலையில் வரும்போது தெரிந்துவிடும்.