ரைட்டர் மேசையில் குற்றம்

காவல் நிலையத்தில் புகாரை வாங்கி வழக்காக எழுதும் ரைட்டர் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எதிரே ஒருவர் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்வார். நம் மனசு பாட்டுக்கு இது எந்தப் பிரிவில் வரும் என்று தேடிக்கொண்டிருக்கும். கல்நெஞ்சம் என்று சொல்லலாம். ஆனால் சட்டமும் குற்றத்தை அப்படித்தான் பார்க்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 40ஆவது பிரிவிலேயே விஷயத்தை முடித்துவிட்டது: எதைத் தண்டிக்கத்தக்கது என்று சட்டம் சொல்கிறதோ அதுதான் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சாரம் அதேதான். பாவம், துரோகம், அநியாயம் எல்லாம் அதற்கு வெளியே.

நிலையத்துக்கு வருகிறவர்கள் கொண்டுவருவதோ பெரும்பாலும் அந்த வெளியே நிற்கிற சமாச்சாரங்கள். கைமாற்றுப் பணம் நல்ல உதாரணம். "பழகின பழக்கத்துக்குக் கொடுத்தேன் ஏட்டய்யா, இப்போ போனைக்கூட எடுக்க மாட்டேங்கிறான்" என்பார்கள். மோசடி வழக்கு போட வேண்டுமானால், பணத்தை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். திருப்பித் தருவதாக வாங்கி, அப்புறம் நொடித்துப்போனால் அது சிவில் மேட்டர். கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்ப வேண்டியதுதான். "அப்போ ஏமாத்துறது குத்தமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்குவார்கள். இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத நேரம் அது.

அடிதடி வேறு மாதிரி. கையால் அடித்துச் சிறு காயம் என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 323ஆவது பிரிவு. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. உதடு கிழிந்து வந்தவனிடம் இதைச் சொல்ல முடியுமா? அதனால்தான் புகாரில் அந்த முதல் வரி வந்து உட்கார்ந்தது: "பொது இடத்தில் அசிங்கமாகத் திட்டி." அது 294(பி), நேரடியாக வழக்குப் பதியத்தக்கது. ஒரு வழக்கில் அப்படி ஒரு பிரிவு இருந்தால் போதும், மற்றவையும் அதோடு சேர்ந்து விசாரணைக்கு வந்துவிடும். திட்டி, அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார்: 294(பி), 323, 506. இப்போது புதிய சட்டத்தில் 296(பி), 115(2), 351. நம் ஊர் எஃப்.ஐ.ஆர்.களை மட்டும் படிக்கிற வெளியூர் ஆராய்ச்சியாளர், தமிழ்நாட்டில் யாரும் வாயை மூடிக்கொண்டு அடிப்பதே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். வெறும் வசைச்சொல் ஆபாசமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியும்விட்டது. புகாரின் வாசகம் என்னவோ மாறவில்லை.

பணியின் பிற்பாதியில் அஞ்சல் வழியில் குற்றவியல் படித்தேன். பதவி உயர்வுக்கு உதவும் என்று யாரோ சொன்னார்கள், உதவவில்லை. ஆனால் யாரைக் குற்றவாளி என்பது என்று அமெரிக்கக் குற்றவியலாளர்கள் சதர்லேண்டும் டப்பனும் போட்ட சண்டை எனக்கு நன்றாகப் புரிந்தது. 1939இல் சதர்லேண்ட், கம்பெனி நடத்துகிற பெரிய மனிதர்கள் செய்யும் தில்லுமுல்லுகளை 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று அழைத்தார். அவை பெரும்பாலும் கிரிமினல் கோர்ட்டுக்கே வருவதில்லை என்றார். 1947இல் டப்பன் மறுத்தார்: நீதிமன்றம் தண்டிக்காதவனைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? ரைட்டராக இருந்த எனக்கு டப்பன் சொல்வதே சரி என்று பட்டது. கண்டவனையெல்லாம் குற்றவாளி என்று எழுத ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது இந்த மேசையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

ஆனால் அந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் மதுரைப் பக்கம் கைரேகைச் சட்டம் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். அதுதான் 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம்; 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். எந்தச் செயலும் செய்யாதவனை, பிறப்பை வைத்தே பதிவேட்டில் ஏற்றிய சட்டம் அது. ராத்திரி வந்து ஆஜர் கொடுக்காததே குற்றம். சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்படும்வரை, டப்பன் கணக்குப்படி அதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் குற்றவாளிகள்தான்.

தற்கொலை முயற்சி வழக்கு எழுதிய காலமும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வரும். பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவரையே குற்றம்சாட்டப்பட்டவராகக் காட்டி, பழைய சட்டத்தின் 309 போடுவோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றது. புதிய சட்டத்தில் 309 இல்லவே இல்லை. நல்லதுதான். ஆனால் 226 என்று ஒன்று இருக்கிறது: அரசு ஊழியரை அவர் கடமையைச் செய்யவைக்கவோ செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால், ஓராண்டுவரை வெறுங்காவல்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மண்ணெண்ணெய் கேனோடு வருகிறவர்களை இந்தப் பிரிவில் கொண்டுவரலாம். வாசலில் பையைச் சோதித்துப் பார்ப்பதும் அதற்காகத்தான். பந்தோபஸ்துக்குப் போகும் நாள்களில் அவர்கள் கையிலிருக்கும் மனுக்கட்டை வாங்கிப் புரட்டியிருக்கிறேன். அடியில் பெரும்பாலும் ஏதாவதொரு காவல் நிலையத்தின் பழைய மனு ரசீது இருக்கும். கொடுத்த கடன், பாகம் பிரிக்காத நிலம், அடைத்துவிட்ட பாதை. சிவில் மேட்டர் என்று முடித்து அனுப்பப்பட்டவை.