லீவு போட்ட நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் வாங்கிய அனுபவம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சம்பளத்தில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பணம் பிடிப்பது எல்லாருக்கும் தெரியும். நம் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. அந்தக் கார்டுக்கு மாத்திரை கிடைக்கும் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தால் கூலியில் 70 சதவீதமும் வரும்.

பிப்ரவரியில் எங்கள் யூனிட்டில் பிரஷர், சுகர் பார்த்தார்கள். எனக்கு 180/110. தலைவலி, மயக்கம் எதுவும் கிடையாது; பிளாட்லாக் தையல் மிஷினிலிருந்து எழுந்துபோய்த்தான் கையை நீட்டினேன். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இ.சி.ஜி. எடுத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கொஞ்ச நாள், அப்புறம் வீட்டில் ஓய்வு. வைத்தியத்துக்குக் கைக்காசு போகவில்லை. வீட்டு வாடகைதான் கவலை.

பணம் வாங்குவதில் முக்கியமானது 78 நாள் கணக்கு. ஜனவரி முதல் ஜூன் வரை உடம்பு முடியாமல் போனால், அதற்கு முந்தைய ஏப்ரல்–செப்டம்பரில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். நடுவில் கம்பெனி மாறியிருந்தாலும் பரவாயில்லை, ஒரே இ.எஸ்.ஐ. நம்பராக இருந்தால் எல்லாம் சேரும். புதுக் கம்பெனியில் புது நம்பர் போடுகிறேன் என்றால் விடாதீர்கள்.

டாக்டர் தரும் ஓய்வுச் சான்றிதழ்களை இடைவெளி விழாமல் வாங்க வேண்டும். கடைசியில் வேலைக்குப் போகலாம் என்ற சான்றிதழ். இவற்றோடு கிளை அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். ஆதாரில் இனிஷியல் பின்னால், இ.எஸ்.ஐ. பதிவில் முன்னால்; அங்கே நின்றுபோனது. ஹெச்.ஆர். திருத்திக் கொடுக்கும்வரை இழுத்தது, அவருக்கு ஷிப்மென்ட் அவசரம். நச்சரித்தால்தான் நடக்கும்.

முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. மிச்ச நாளுக்கு, சராசரி தினக்கூலி 600 என்றால் 420 வீதம் வங்கிக் கணக்குக்கே வரும். வருஷத்துக்கு 91 நாள் வரை வாங்கலாம்.

அன்றைக்குப் பிரஷர் அதிகம் என்று எழுதிக் கொடுத்த மற்றவர்களில் பாதிப் பேர் மருந்தகம் பக்கமே போகவில்லை. போனால் ஒரு ஷிஃப்ட் போச்சு, தைத்த பீஸுக்குத்தான் கூலி என்கிற பீஸ் ரேட்டில் யார் போவார்கள்? மாத்திரை வாங்கப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறோம். இந்த ஆர்டர் போகட்டும், பார்க்கலாம் என்கிறார்.