ஒரே ஆள், இரண்டு பெயர்

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் எம்மலின் வெல்ஸின் நாட்குறிப்பைச் சும்மா புரட்டலாம் என்று எடுத்தேன். சாயங்கால வேலை எதுவும் ஓடவில்லை.

மார்மன் பெண்மணி; மார்மன் என்பது அந்நாளில் பலதார மணத்தை ஏற்றிருந்த ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவு. அமெரிக்காவில் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் 1877 முதல் 1914 வரை ‘உமன்ஸ் எக்ஸ்போனென்ட்’ பத்திரிகையின் ஆசிரியர். நாட்குறிப்பு மட்டுமே 47 தொகுதி!

பத்திரிகையில் இரண்டு புனைபெயர். பிளாஞ்ச் பீச்வுட் என்றால் பெண்ணுக்கு ஓட்டு வேண்டும், சம உரிமை வேண்டும் என்று சண்டைக்கு நிற்பார். ‘ஆன்ட் எம்’ என்று போட்டுக்கொண்டால் பழைய வீடு, பழைய நினைவு என்று உருகுவார்.

டேனியல் வெல்ஸின் ஏழாவது மனைவி. பலதார மணத்தை வெளியே யாரிடமும் விட்டுக்கொடுக்காதவர், நாட்குறிப்பில் மட்டும் கணவர் வரவில்லையே என்று ஏங்குகிறார்.

இதை வேஷம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பீச்வுட்டின் கோபம் அந்த ஏக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம்.

1870இல் யூட்டா பெண்களுக்குக் கிடைத்த ஓட்டுரிமையை, பலதார மணத்தை ஒழிக்கிறோம் என்று வந்த சட்டத்திலேயே 1887இல் பறித்தது அமெரிக்க நாடாளுமன்றம். (அதில் பெண்கள் செய்த குற்றம் என்னவோ!) 1896இல் யூட்டா மாநிலமானபோதுதான் திரும்பக் கிடைத்தது. அப்போது எம்மலினுக்கு வயது 67. அதற்கப்புறமும் 18 வருடம் பத்திரிகையை விடவில்லை.