தெரிந்த படம், இறங்காத படம்

நாகர்கோவிலில் இணையதளங்கள் செய்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்பவர்களுக்காக லேபிள் தயாரிக்கும் பக்கம் ஒன்றை எழுதினேன். நாங்கள் வைத்திருந்த பின்னணிப் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெயர், எடை, விலை ஆகியவற்றைத் தட்டச்சு செய்தால், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அவற்றைக் கேன்வாஸ் என்னும் வரைபரப்பில் வரைந்துவிடும். பொத்தானை அழுத்தினால் பிஎன்ஜி கோப்பாக இறங்கும். ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் மாதங்களில்தான் இங்கே தேன் வரத்து மிகுதி என்பதால், அதற்கு முன்பே தளத்தை வெளியிட்டோம்.

மறுநாளே ஒருவர் அழைத்தார். "படம் தெரியுது சார், ஆனா இறங்கமாட்டேங்கு" என்றார். பிரவுசரில் பிழைச் செய்திகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து பார்த்தபோது, கறைபட்ட கேன்வாஸை ஏற்றுமதி செய்யக் கூடாது என்னும் பொருளில் ஒரு செக்யூரிட்டி எரர் சிவப்பில் நின்றது. விந்தை என்னவென்றால், தம் கைப்பேசியிலிருந்த புகைப்படத்தைப் பின்னணியாக வைத்தவர்களுக்கு லேபிள் இறங்கியது. எங்கள் படங்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே இறங்கவில்லை.

அந்த வேறுபாட்டிலேயே விடை இருந்தது. அலுவலகத்தில் சோதித்தபோது படங்களும் பக்கமும் ஒரே சர்வரில் இருந்தன. வெளியிட்ட பிறகு படங்கள் தனிச் சேமிப்பகத்திலிருந்து வேறொரு முகவரியில் வந்தன. முகவரியிலுள்ள நெறிமுறை (எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் போன்றவை), தளப் பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் பிரவுசருக்கு அது வேற்றிடம். வேற்றிடத்துப் படத்தைக் கேன்வாஸில் வரைய அது தடை சொல்வதில்லை. வரைந்தபின் அந்தக் கேன்வாஸைக் கறைபட்டதாகக் கொண்டு, அதைத் திரும்ப வாசிக்கவோ கோப்பாக இறக்கவோதான் விடுவதில்லை. விட்டால், நாம் உள்நுழைந்திருக்கும் ஒரு தளத்தின் தனிப்பட்ட படத்தை வேறு எந்தப் பக்கமும் நமக்குத் தெரியாமல் வரைந்து, அதன் புள்ளிகளைப் படித்து, எடுத்துச் சென்றுவிட முடியும். இது புரிந்தபின் அந்தப் பிழைச் செய்தியின் மேல் எனக்கு மதிப்பு வந்தது என்றே சொல்ல வேண்டும்.

பிரவுசரின் பாதுகாப்பை அணைத்துவிட்டுத் திறந்தால் வேலை செய்யும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அது என் கணினியில் பிழையை மறைக்குமே தவிர, தேன்காரரின் கைப்பேசியில் எதையும் மாற்றாது. முகம் தெரியாத இலவச இடைநிலைச் சர்வர் வழியாகப் படங்களைக் கொண்டுவரலாம் என்ற யோசனையையும் நான் ஏற்கவில்லை; நாளை அது நின்றுபோனால் எங்கள் பக்கமும் நின்றுபோகும். முறையான வழி, படம் இருக்கும் சர்வரிடம் அனுமதி பெறுவதே.

அதற்கு இரு பக்கமும் ஒத்துழைக்க வேண்டும். வேற்றிடத்துப் படத்தை அனுமதி கேட்டுப் பெறச் சொல்லும் 'கிராஸ்ஆரிஜின்' பண்புக்கு 'அனானிமஸ்' என்ற மதிப்பை, படத்தின் முகவரியை ஏற்கும் 'எஸ்ஆர்சி' பண்பில் அதைக் கொடுப்பதற்கு முந்திய வரியிலேயே எழுதினேன். பிந்தி எழுதினால், அனுமதி கேட்காத கோரிக்கை அதற்குள் புறப்பட்டிருக்கக்கூடும். இதை மட்டும் செய்தவுடன் நிலைமை மோசமாகி, முன்பு தெரிந்த படம்கூடத் தெரியாமல் போயிற்று. கேட்ட அனுமதிக்குச் சேமிப்பகம் பதில் சொல்லாததே காரணம். சேமிப்பகத்தின் அமைப்பில், பதிலோடு செல்லும் 'அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்' என்னும் அனுமதித் தலைப்பில் எங்கள் தளத்தின் முகவரியைச் சேர்த்தபின் லேபிள் இறங்கியது.

ஆனால் முதலில் அழைத்தவருக்கு இன்னும் இறங்கவில்லை. இதுதான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. படங்களின் சிறு காட்சிப் பட்டியலில் அதே கோப்புகளை, பக்கத்தில் படம் காட்டும் சாதாரண 'ஐஎம்ஜி' குறியால் காட்டியிருந்தேன். அந்தக் கோரிக்கையில், கேட்பது எந்தத் தளம் என்று சொல்லும் 'ஆரிஜின்' தலைப்பு இல்லாததால், சேமிப்பகம் அனுமதித் தலைப்பின்றியே படத்தை அனுப்பியது; பிரவுசர் அந்தப் படியைக் கேச் என்னும் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொண்டு, கேன்வாஸ் கேட்டபோதும் அதையே எடுத்துக் கொடுத்தது. நானோ சோதிக்கும்போதெல்லாம் கேச்சை அணைத்தே வைத்திருந்தேன்.

பட்டியலில் இருந்த குறிகளிலும் 'கிராஸ்ஆரிஜின்' சேர்த்தேன். பதில் ஆரிஜினைப் பொறுத்து மாறும் என்பதைக் கேச்சுக்கு உணர்த்தும் 'வேரி' தலைப்பையும் சேமிப்பகத்தில் அமைத்தேன். பழைய படிகள் ஏற்கெனவே பலருடைய கைப்பேசிகளில் தங்கியிருந்தன. தேன் எடுக்கும் வேலையில் இருப்பவரிடம் கேச்சை அழியுங்கள் என்று சொல்வது முறையாகாது என்பதால், பிரவுசர் புதிதாகக் கேட்கும்படி எல்லாப் படங்களின் கோப்புப் பெயர்களையும் மாற்றி, அன்று மாலை புதிதாக ஏற்றினேன்.