பாப்பாவுக்குப் பேட்டரி, தம்பிக்குச் சாவி

மே 5, 2025, திங்கள்

அக்னி நட்சத்திரம் நேற்றுத் தொடங்கியதாகக் காலண்டர் சொல்கிறது. வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருப்பவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. எங்களுக்கு மார்ச் மாதமே தொடங்கிவிட்டது.

கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்க மனைவி வங்கிக்குக் கிளம்பினாள், நானும் போனேன். லாக்கர் அறையில் ஏசி இருக்கும் என்று பாப்பாவும் ஒட்டிக்கொண்டாள். பாப்பாவுக்குப் பத்தொன்பது வயது, சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. வாசலில் நில் என்று சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

நகைப் பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு வாட்ச் பெட்டிகள் இருந்தன. 2012இல் நான் வைத்தவை. மேலே என் கையெழுத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தேன்: ஒன்றில் மகளுக்கு 'பாப்பா', மற்றதில் மகனுக்கு 'தம்பி'. கல்யாணத்தன்று கொடுக்கலாமா, முதல் சம்பளத்தன்று கொடுக்கலாமா என்று முடிவு செய்யாமலே இத்தனை வருடம் கடத்திவிட்டேன். இன்று அவள் கண்ணில் பட்டுவிட்டது.

திறந்தேன். அவளுடையது நான்கு மணி பத்து நிமிடத்தில் நின்றிருந்தது. எந்த வருடத்து நான்கு மணியோ! தம்பியுடையதைக் கையில் எடுத்து இரண்டு தடவை ஆட்டியதும் விநாடி முள் நகர்ந்தது. அதன் தோல் பட்டையில்தான் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. ராணிப்பேட்டையில் இருபத்தாறு வருடமாகத் தோல் தொழில்நுட்பம் பார்க்கிறவனின் லாக்கரில் பூஞ்சை. ஷூ பெட்டியில் போடுகிற சிலிகா ஜெல் பொட்டலம் எங்கள் தொழிற்சாலையில் மூட்டைக் கணக்கில் கிடக்கிறது. இரண்டைக் கொண்டுவந்து போட எனக்குத் தோன்றியதில்லை.

திருட்டு, தீ என்று ஏதாவது நேர்ந்து அதற்கு வங்கி பொறுப்பானால், ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி. பூஞ்சைக்கு அதில் ஒன்றும் இல்லை.

மே 7, புதன்

லாங் பஜாரை ஒட்டிய சந்தில் எனக்குத் தெரிந்த ரிப்பேர்காரர் ஒருவர் இருக்கிறார். அகலமாக நீட்டிப் படுக்கவும் இடமில்லாத கடை. லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பாப்பாவின் வாட்சைப் பின்பக்கம் திறந்தவர், என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். உள்ளே இருந்த செல் கசிந்து சர்க்யூட் வரை அரித்திருந்தது.

"எத்தனை வருடம் கட்டாமல் வைத்தீர்கள்?"

"பன்னிரண்டரை."

"செல்லைக் கழற்றிவிட்டு வைத்திருக்கலாமே, சார்."

இதைப் பதின்மூன்று வருடம் முன்பு யாராவது சொல்லியிருக்கலாம். நானாவது கேட்டிருக்கலாம். குவார்ட்ஸ் வாட்சில் மின்சாரம் பட்டதும் ஒரு படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிரும், அதைச் சர்க்யூட் எண்ணி விநாடிக்கு ஒரு தடவை முள்ளைத் தள்ளும். 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானில் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. அடுத்த இருபது வருடத்தில் எத்தனையோ சுவிஸ் பட்டறைகள் மூடிவிட்டன. நேரம் காட்டுவதில் குவார்ட்ஸுக்கு ஈடில்லை. ஆனால் செல்லோடு லாக்கரில் பூட்டி வைக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாது.

தம்பியின் வாட்சைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. டியூடர் பிளாக் பே, 2012இல் வந்த முதல் வகை. அரக்குச் சிவப்பு வளையம், உள்ளே இடிஏ 2824 என்கிற சுவிஸ் மெஷின். "இது எனக்குப் பழகிய மெஷின்" என்றார். பிற்பாடு, 2016இல், கம்பெனி தன் சொந்த மெஷினை வைக்க ஆரம்பித்துவிட்டது. தம்பியுடையதற்கு மணிக்கு 28,800 துடிப்பு, காதில் வைத்தால் எறும்பு ஓடுவது போல் கேட்கிறது.

"ஓடுகிறதே என்று கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆயில் காய்ந்திருக்கும். காய்ந்த ஆயிலோடு ஓடினால்தான் தேய்மானம். வாஷரும் இறுகிப் போயிருக்கும், தண்ணீர் புகும்."

முழுவதும் பிரித்துக் கழுவி ஆயில் போட இரண்டு வாரம் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன். 200 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று டயலிலேயே எழுதியிருக்கிறது. பாலாற்றங்கரைக்காரனுக்கு எதற்கு என்று வாங்கும்போது நினைத்தேன். 2021 நவம்பரில் பாலாறு கரை முட்டி ஓடியபோது அதுவும் லாக்கரில்தான் இருந்தது.

மே 9, வெள்ளி

சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, ஒரே நாளில், ஒரே கடையில்தானே இரண்டையும் வாங்கினீர்கள்?"

"ஆமாம்."

"எனக்கு மட்டும் ஏன் பேட்டரி?"

பெண்கள் வாட்ச் சின்னதாக, அழகாக இருக்கும், முத்துச்சிப்பி டயல், நான்கு வைரக்கல் என்று ஏதோ சொன்னேன். நான் சொல்வது எனக்கே கேட்டது. தம்பிக்கு வாங்கும்போது கடைக்காரரிடம் முக்கால் மணி நேரம் மெஷினைப் பற்றி விசாரித்தேன். எவ்வளவு நாள் உழைக்கும், யார் ரிப்பேர் பார்ப்பார்கள், பின்னாளில் என்ன மதிப்பு வரும் என்றெல்லாம். பாப்பாவுடையதை ஐந்து நிமிடத்தில், கண்ணாடி அலமாரியில் மின்னியதைக் காட்டி எடுத்தேன். உள்ளே என்ன மெஷின் என்று கேட்கவே இல்லை.

"1989லேயே தமிழ்நாடு பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு கொடுத்துவிட்டது. நீங்கள் 2012இல் பேட்டரி கொடுத்திருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

மனைவி சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன்.

மே 18, ஞாயிறு

எதற்காக வாங்கினேன் என்பதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பாப்பாவிடம் சொல்ல வரவில்லை.

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டியில் மேஸ்திரி. அவரிடம் ஒரு எச்எம்டி ஜனதா இருந்தது, சாவி கொடுக்கிற வாட்ச். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் அது அடகுக்கடைக்குப் போகும், தீபாவளி போனஸில் திரும்பும். அந்தக் காலத்தில் கைக்கடிகாரத்தையும் அடகு பிடித்தார்கள். ஜூன் முதல் ஐப்பசி வரை அவர் மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். யாராவது மணி கேட்டால் பழக்கத்தில் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, "பதினொன்று இருக்கும்" என்பார். என் பிள்ளைகளுக்கு அடகுக்குப் போகாத வாட்ச் ஒன்று வேண்டும் என்ற வெறி எனக்கு அங்கேதான் வந்தது. அடகுக்கே போகாமல் இருக்கட்டும் என்று நான் பூட்டியே வைத்துவிட்டேன். லாக்கரும் ஒருவகையில் அடகுக்கடைதானே, வட்டி நாம் கட்டுகிறோம்.

பணம் தாத்தாவின் நிலத்திலிருந்து வந்தது. பாலாற்றோரம் இரண்டு ஏக்கர். தோல் கழிவுநீர் இறங்கி எங்கள் பக்கத்துக் கிணறுகள் உப்பாகிப்போன பின் அதில் ஒன்றும் விளையவில்லை. அந்தக் கழிவுநீரைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு பாப்பாவின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு. அந்தக் கழிவுநீர் வந்த தொழிலில்தான் அப்பாவும் நானும் சம்பளம் வாங்கினோம். பிறகு மனைக்கு விலை ஏறியது, விற்றோம். பெரும்பகுதி இந்த வீட்டுக்குப் போயிற்று. மீதி கையில் இருந்தபோது தோல் கண்காட்சிக்குக் கம்பெனி என்னை இத்தாலிக்கு, பொலோனாவுக்கு அனுப்பியது. 2012 அக்டோபர். தம்பி பிறந்து இரண்டு மாதம்.

தம்பியுடையது நம் பணத்தில் ஏறக்குறைய 1,75,000. பாப்பாவுடையது 1,40,000. சென்னை விமான நிலையத்தில் சுங்க வரி கட்டினேன். அப்போது வரியில்லாமல் கொண்டுவர அனுமதி 35,000 ரூபாய்தான், மீதிக்கு 36 சதவீதம். சுமார் ஒரு லட்சம். மனைவிக்கு இதை இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படிக்கப் போகிறாள்.

அவள் அன்றே சொன்னாள், அந்தப் பணத்துக்குச் சவரன் வாங்குங்கள் என்று. அப்போது சவரன் 24,000ஐ ஒட்டி இருந்தது. இப்போது 70,000ஐ ஒட்டி. சென்னையில் பழைய வாட்ச் வாங்குகிற ஒருவருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். டியூடருக்குப் பெட்டியும் கார்டும் இருப்பதால் வாங்கின விலைக்குக் குறையாது என்றார். பாப்பாவுடையதற்கு, ஓடினால் மூன்றில் ஒரு பங்கு, ஓடாவிட்டால் கேட்காதீர்கள் என்றார். விலை உயர்ந்த வாட்ச் வாங்கிவைத்தால் பிள்ளைகளுக்குச் சொத்து என்று என்னிடம் சொன்ன நண்பர்களை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

மே 19, திங்கள்

மனைவி படித்துவிட்டாள். காலையில் காப்பி வந்தது, பேச்சு வரவில்லை.

மே 25, ஞாயிறு

பூஞ்சை பிடித்த பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று நானே செய்தேன். ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல். வட ஆற்காட்டுத் தோலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். குரோமியம் வந்தபின் வேலை நாள் கணக்கில் முடிகிறது, ஆவாரையில் வாரக் கணக்கு. ஆனால் ஆவாரைத் தோல் வியர்வை பட்டுப் பட்டு நிறம் முற்றும், கட்டுகிறவர் கைக்குத் தகுந்தபடி மடியும். ஓரத்தைச் சீவி, மெழுகு நூலில் இரட்டைத் தையல் போட்டேன். ஒரு பகல் முழுவதும் போனது. இந்த மாதத்தில் நான் நிம்மதியாக இருந்த ஒரே நாள் இது.

துளை எத்தனை போடுவது என்று வந்தபோது கை நின்றது. யார் மணிக்கட்டுக்கு? ஏழோடு விட்டேன்.

மே 28, புதன்

கத்திரி இன்றோடு விடைபெறுகிறது என்கிறார்கள். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருந்தோம். பாப்பா சாதாரணமாகக் கேட்டாள்.

"அத்தைக்கு எந்த வருடம் கல்யாணம்?"

"1994."

"தாத்தாவின் அப்பா நிலம்தானே அது?"

எங்கே போகிறாள் என்று புரிந்துவிட்டது. 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களுக்குத்தான் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தில் பங்கில்லை. அக்கா அதற்குப் பிறகு கல்யாணமானவள்.

"அத்தைக்கு என்ன கிடைத்தது?"

2010இல், அப்பா போன மறுவருடம், அக்கா குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து பதிவு அலுவலகத்தில், பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். எங்கே என்று கேட்டாள், காட்டினேன், போட்டாள். திரும்பும்போது ஒரு பட்டுப்புடவையும் இரண்டு கிலோ ஆற்காடு மக்கன் பேடாவும் கொடுத்து அனுப்பினோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அப்படித்தான் என்றுதான் பாப்பாவிடமும் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் பெங்களூரு போகிற விமானம் மாதிரி ஏதோ வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி படுத்தபின் இன்னொன்று ஞாபகம் வந்தது. அக்கா கல்யாணத்தில் அப்பா மாப்பிள்ளைக்குத் தங்க முலாம் பூசிய டைட்டன் வாங்கிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு வாட்ச், மோதிரம், செயின். அதுதான் முறை. அக்கா பன்னிரண்டாவது தேறியபோது அப்பாவிடம் ஒரு வாட்ச் கேட்டாள். கல்யாணத்துக்கு வாங்கலாம் என்றார். வாங்கினார்தான்.

ஜூன் 1, ஞாயிறு

டியூடர் வந்துவிட்டது. ரிப்பேர்காரர் கூலி சொன்னபோது இரண்டாவது தடவை கேட்டேன், அவ்வளவு குறைவு. ஒரு நாளைக்கு ஆறு விநாடி கூடுதலாக ஓடுகிறதாம். மெஷினுக்கு அது நல்ல ஆரோக்கியம் என்றார்.

மேசைமேல் இரண்டையும் வைத்து, ஒட்டியிருந்த தாள்களைக் கிழித்துவிட்டு, மூத்தவள் முதலில் எடுக்கட்டும் என்றேன். பாப்பா டியூடரை எடுத்தாள். மெலிந்த கை, 41 மில்லிமீட்டர் அகல வாட்ச். தட்டை மாட்டினாற்போல் இருந்தது.

"பெரிதாக இல்லையா?"

"உங்கள் சட்டையையும்தான் போட்டுக்கொள்கிறேன்."

எட்டாவது துளை போட்டுக் கொடுத்தேன்.

தம்பி அந்தச் சின்ன வாட்சை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாளை பள்ளிக்கூடம் திறக்கிற கவலை அவனுக்கு. வாட்ச் வேண்டாம், கியர் சைக்கிள் வேண்டும் என்றான். நான் அவனுக்குப் பூட்டிவைத்ததைவிடப் பன்னிரண்டு வயதில் அவன் கேட்டது எவ்வளவோ மலிவு. ஆனால் அவன் இருபத்தைந்து வயதில் கணக்குக் கேட்பான் என்று எனக்குத் தெரியும், அதனால் கடன் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

சின்ன வாட்சை மனைவி எடுத்தாள். "இருபத்தொரு வருடத்தில் எனக்கு நீங்கள் ஒரு வாட்சும் வாங்கித் தந்ததில்லை. ஓட வைத்துக் கொடுங்கள்." சுங்க வரிக்கு இதுதான் அபராதம் என்று நினைக்கிறேன். மெஷினையே மாற்ற வேண்டும். மாற்றத்தான் வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

அக்காவுக்குப் போன் செய்தேன். மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்: நிலத்தைப் பற்றி, விற்ற தொகையைப் பற்றி, அதில் அவளுக்கு என்ன வர வேண்டும் என்று பாப்பா தாளில் போட்டுக் கொடுத்த கணக்கைப் பற்றி. தாள் கையில்தான் இருந்தது.

மாம்பழம் எப்படி என்று கேட்டேன். இந்த வருடம் காய்ப்பு பரவாயில்லை, விலைதான் இல்லை என்றாள். மாமாவுக்கு முழங்கால் வலி, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டும் என்றாள். வந்தால் இங்கேயே தங்கு என்றேன். பாப்பா வாட்ச் கட்டியிருக்கும் படத்தைப் பார்த்தேன், அவளுக்கு எடுப்பாக இருக்கிறது என்றாள்.

"நீ எப்போது இந்தப் பக்கம் வருகிறாய்?"

ஆனி பிறக்கட்டும், வருகிறேன் என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.