சீலா கேட்டவருக்கு எந்த மீன்? எங்கள் கருவாட்டுக் கடை வலைத்தளத்தின் கதை

பாம்பனில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கருவாட்டுக் கடை. அண்ணன் கரையில் ஏலம் எடுத்து வருவார், மதினி கழுவி உப்புப் போட்டுக் காயவைப்பார், அம்மா தரம் பிரிப்பார். கணக்கும் பார்சலும் என் பாடு. வலைத்தளம் போட்டால் வெளியூர் ஆர்டர் வரும் என்று ஆசை காட்டியதும் நான்தான். அதனால் பிறகு வாங்கிய பேச்சும் எனக்குத்தான்.

மதுரையில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். பத்து நாளில் முடித்துவிட்டார்கள். திறந்தால் மேலே பட்டை பட்டையாகப் படங்கள் நகரும். முதல் படத்தில் ஏதோ வெளிநாட்டுத் துறைமுகம், வெள்ளை வெளேரென்று உல்லாசப் படகுகள். அதன் மேல் ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’. கீழே மீன் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘விலைக்குத் தொடர்பு கொள்ளவும்’. எனக்கு அப்போது பெருமைதான். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன்.

அழைப்புகள் வராமல் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி. “சைட்டைப் பார்த்துட்டுத்தான் கூப்பிடுறேன்க்கா, நெத்திலி என்ன விலை?” மதினி விலை சொல்வார். “சரிக்கா, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்.” அத்தோடு சரி. ஒருநாள் மதினி கேட்டே விட்டார்: “பாத்துட்டுத்தானே கூப்பிடுறாக, அப்புறம் என்னத்தத்தான் பாத்தாக?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரத்துக்கு யார் என்ன கேட்டாலும் ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொன்னேன். விலைக்கு அடுத்து அதிகம் வந்த கேள்வி, “மண் இருக்குமா?” அப்புறம் நெத்திலிக்குத் தலை கிள்ளியிருக்குமா, உப்பு கூடவா குறைவா, அரைக் கிலோ தருவீர்களா, பார்சல் வாசம் வெளியே வருமா, எத்தனை நாள் கெடாமல் இருக்கும். பெங்களூரிலிருந்து ஒருவர் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் கேட்டிருந்தார். அந்த 14 இலக்க எண் சான்றிதழில் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது, தளத்தில் இல்லை. நோட்டில் இருந்த எதற்குமே தளத்தில் பதில் இல்லை. ‘எங்களைப் பற்றி’ பக்கம் மட்டும் மூன்று பத்தி நீளம்.

மண் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடற்கரை மணலில் அப்படியே பரப்பிக் காயவைத்த நெத்திலியை எத்தனை தண்ணீரில் அலசினாலும் கடைசி வாயில் ஒரு நறநறப்பு இருக்கும். ஒருமுறை பல்லில் பட்டவர் அந்தக் கடைப் பக்கம் திரும்ப மாட்டார். நாங்கள் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் வலை கட்டி, அதில்தான் காயவைக்கிறோம். காற்று அடியிலும் போகும், சீக்கிரம் காயும். இதைத் தளத்தில் எங்கேயும் சொல்லவில்லை! காலை ஏழு மணி வெயிலில் மதினி வலையில் நெத்திலியைக் கையால் பரத்திவிடுவதை போனில் எடுத்தேன். உல்லாசப் படகு இருந்த இடத்தில் அதைப் போட வேண்டும். கீழே ஒரே வரி: ‘மணலில் போடுவதில்லை, வலையில் காயவைத்தது.’

போடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் அடுத்த வில்லங்கம். தளத்தின் பெயரே, அதாவது அதைத் திறக்கத் தட்டும் முகவரியே, அந்த நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருந்தது. ஒரு விலையை மாற்றவும் அவர்களைத்தான் கேட்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். பெயரை எங்கள் கணக்குக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீட்டை அவர்களிடமிருந்து வாங்குவதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. புதிதாகத் தளம் போடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பெயரை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் பதியச் சொல்லுங்கள். மற்றது எதுவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படங்களைப் போட்டதும் வேறு கூத்து. போனில் எடுத்ததை அப்படியே ஏற்றினேன், ஒவ்வொன்றும் நாலு எம்பி. கடையில் வைஃபை இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் ராமநாதபுரத்திலிருந்து பேருந்தில் வரும்போது திறந்து பார்த்தேன். மண்டபம் தாண்டிப் பாலத்தில் வண்டி ஏறியபோது தளத்தைத் தட்டினேன். சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கத்து சீட்டில் ஒரு குடும்பம் எட்டிப் பார்த்துப் புது ரயில் பாலத்தைப் படம் பிடித்து முடித்துவிட்டது, நாங்கள் பாம்பனில் இறங்கியும்விட்டோம், நெத்திலி பாதிதான் வந்திருந்தது. அன்றிரவே எல்லாப் படத்தையும் அகலம் குறைத்து, ஒவ்வொன்றும் 100 கேபிக்குள் வரும்படி சுருக்கினேன். நகரும் பட்டையையும் தூக்கிவிட்டேன்.

அப்புறம் பெயர்ப் பஞ்சாயத்து. சென்னையிலிருந்து ஒரு அம்மா சீலாக் கருவாடு ஆர்டர் போட்டார். பார்சல் போய்ச் சேர்ந்ததும் போன்: “நான் கேட்டது ஷீலா, நீங்க வஞ்சிரத்தை அனுப்பியிருக்கீங்களே?” எங்கள் பக்கம் வஞ்சிரத்துக்குப் பெயரே சீலாதான். அவர்கள் ஷீலா என்பதை நாங்கள் ஊளி என்போம். விலை கூடின மீன் போனதால் அவருக்குக் கோபமில்லை, சிரித்தார். அதே குழப்பம் தலைகீழாக நடந்திருந்தால் சண்டைதான். சாளையும் அப்படி, மத்தி என்று தேடுபவருக்கு எங்கள் தளம் அகப்படாது. காரலைச் சென்னையில் காரப்பொடி என்கிறார்கள். இப்போது ஒவ்வொரு மீனுக்கும் எங்கள் பெயர், பக்கத்தில் மற்ற ஊர்ப் பெயர்கள், பச்சை மீனின் படம் ஒன்று, கருவாட்டின் படம் ஒன்று. என்ன தட்டித் தேடி நம் தளத்துக்கு வருகிறார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பார்த்தால், பலர் ஆங்கில எழுத்தில்தான் ‘நெத்திலி கருவாடு’ என்று தட்டித் தேடுகிறார்கள். அதனால் ஆங்கில எழுத்திலும் பெயரைச் சேர்த்தேன். பழைய தளத்தில் பெயர்களைப் படமாகச் செய்து ஒட்டியிருந்தார்கள், தேடலில் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

விவரம் கேட்கும் படிவத்தை எடுத்துவிட்டேன். அதில் வந்ததெல்லாம் யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சலில் எட்டு மாதமாகக் கிடந்தது. திருமணச் சீருக்குப் பத்துக் கிலோ கேட்ட ஒருவர்கூட அதில் இருந்தார். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இப்போது ஒரு பொத்தான், தட்டினால் நேராக வாட்ஸ்அப்.

விலைதான் கஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மட்டும்தான். வரத்துக் குறையும், விலை ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, மீன் இருந்தாலும் காயாது. ‘இன்றைய நிலவரம்’ என்று முகப்பில் ஒரு கட்டம் வைத்தேன். மீன், விலை, இருக்கிறதா இல்லையா, எந்தத் தேதி நிலவரம். தேதி இல்லாத விலையை யாரும் நம்புவதில்லை. மதினியே போனில் மாற்றிக்கொள்கிறார். இல்லாததை இல்லை என்று போட்டால் ஆள் போய்விடும் என்று அண்ணன் பயந்தார். ‘வந்ததும் சொல்லுங்க’ என்று எண் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் இப்போது அதிகம்.

வழி சொல்லும் பக்கம் சின்னதுதான், ஆனால் நேரில் வருகிற வியாபாரம் அதில் கூடியது. ராமேஸ்வரம் கோயிலுக்குப் போகும்போது யாரும் கருவாடு தொட மாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். ஆகவே தனுஷ்கோடி, ராமேஸ்வரம் பக்கமிருந்து வருபவருக்கு வழி எழுதினேன். இரவு எட்டரை வரை கடை உண்டு, காரில் வாசம் வராமல் இரட்டை உறை போட்டுத் தருவோம் என்றும் சேர்த்தேன். மேப்பில் எங்கள் கடைக் குறி கடலுக்குள் நின்றது. அதைக் கரைக்கு இழுத்துவிட்டேன்.

போன வாரம் மூன்று நாள் மழை. மதினி கட்டத்தில் ‘வெயில் இல்லை, நெத்திலி இல்லை’ என்று போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கூப்பிட்டார்கள், வெயில் எப்போது வரும் என்று கேட்டு. மதினி அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.