சி-ஆர்ம் வந்தது, பேட்ஜ் தேடினோம்

நொவீனா பக்கத்தில் ஒரு சின்ன டே சர்ஜரி சென்டரில் நிர்வாகம் பார்க்கிறேன். கையுறையிலிருந்து காப்பித்தூள் வரை கோட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. முதுகுவலி ஊசி போடும் டாக்டர்களுக்காக ஒரு சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி வாங்குவது என்று முடிவானதும், அதோடு சேர்ந்து வந்ததுதான் டோசிமீட்டர் வேலை. கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று கணக்கு வைக்க ஊழியர்கள் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் பேட்ஜ். "ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள், முடிந்தது" என்றார் கணக்குப் பார்ப்பவர். அவருக்கு எல்லாமே அப்படித்தான்.

உரிம விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இதைக் கவனிப்பது தேசியச் சுற்றுப்புற வாரியம். 2007க்கு முன்பு கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவு சுகாதார அறிவியல் ஆணையத்தில் இருந்ததால், பழைய ஆட்கள் சிலர் இன்னும் அங்கே கேட்கச் சொல்வார்கள். கருவியை வைத்திருக்க எல்3 உரிமம், அதைப் பயன்படுத்தும் டாக்டருக்கு எல்5, கூட வேலை செய்பவர்களுக்கு ஆர்1 பதிவு. படிவங்கள் நிறைய இருந்தாலும் வழி தெளிவாக இருக்கிறது. நீங்கள் எடுக்கப்போகும் பேட்ஜ் சேவை வாரியத்துக்கு ஏற்புடையதுதானா என்பதை மட்டும் விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கோட்டேஷன்கள் வந்தபோது ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே முடியவில்லை. ஒருவர் டிஎல்டி என்கிறார், ஒருவர் ஓஎஸ்எல் என்கிறார், இன்னொருவர் ஜப்பான் கண்ணாடி என்கிறார். எங்கள் சீனியர் ரேடியோகிராபர் அக்கா ஈப்போக்காரர், இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தம்பி, விலையை அப்புறம் பாருங்க. இதை எப்படிப் படிக்கிறாங்கன்னு முதல்ல கேளுங்க" என்றார்.

டிஎல்டி வகைப் பேட்ஜுக்குள் இருப்பது பெரும்பாலும் லித்தியம் ஃபுளோரைடு. சூடாக்கினால், வாங்கிய கதிர்வீச்சுக்கு ஏற்ப ஒளி விடும். அந்த ஒளியை அளந்து கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு தடவை படித்துவிட்டால் உள்ளே இருந்தது அழிந்துபோகும். ஓஎஸ்எல் வகையில், லாண்டாவர் நிறுவனத்தின் தயாரிப்பைச் சொல்கிறேன், அலுமினியம் ஆக்சைடு. பச்சை ஒளியைப் பாய்ச்சிப் படிக்கிறார்கள். கொஞ்சம்தான் செலவாகும் என்பதால் இன்னொரு தடவையும் படிக்கலாம். ஜப்பானின் சியோடா டெக்னால் போன்றவர்கள் தரும் கண்ணாடி வகையில் வெள்ளி கலந்த பாஸ்பேட் கண்ணாடி இருக்கிறது. புற ஊதா ஒளியில் எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். "என் எண் தப்பு, திரும்பப் பாருங்கள்" என்று ஒரு டாக்டர் நிற்கும் நாளில்தான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

ஆக, பேட்ஜுக்கு என்று நாம் கொடுக்கும் காசில் பெரும்பகுதி படிக்கும் கூலி. அது புரிந்த பிறகு எல்லா விற்பனையாளர்களுக்கும் ஒரே கேள்விகளை அனுப்பினேன். பேட்ஜைப் படிப்பது உள்ளூரிலா, வெளிநாட்டுக்குப் போகுமா? அறிக்கை எத்தனை நாளில் வரும்? யாரும் மாட்டாமல் ஒப்பீட்டுக்காக வைக்கும் கன்ட்ரோல் பேட்ஜுக்குத் தனிக் காசா? கூரியர் யார் தலையில்? தொலைந்தால் எவ்வளவு, தாமதமாகத் திருப்பினால் எவ்வளவு? 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா? பதில்கள் வந்ததும் மிக மலிவாகத் தெரிந்த கோட்டேஷன் நடுவில் போய் உட்கார்ந்தது. தொலைந்த பேட்ஜுக்கு அவர்கள் போட்டிருந்த தொகையைப் பார்த்து அக்கா சிரித்தே விட்டார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இந்தச் சந்தையில் விற்பவர்கள் பல பேர், தயாரிப்பவர்கள் சில பேர்தான். லாண்டாவரை 2017இல் ஃபோர்டிவ் என்ற நிறுவனம் வாங்கியது; உடனுக்குடன் அளவு காட்டும் ரேசேஃப் கருவிகளும் அதே குழுமத்துக்குள் வந்தவை. இரண்டு பெயர்களில் கோட்டேஷன் வந்தால் இரண்டு போட்டியாளர்கள் என்று நினைத்துப் பேரம் பேசாதீர்கள்.

சரி, எலெக்ட்ரானிக் டோசிமீட்டருக்கு வருகிறேன். என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். பேட்ஜ் மூன்று மாதம் கழித்துத்தான் சொல்லும், அப்போதைக்கப்போது பார்க்க ஒரு கருவி வேண்டும் என்று டாக்டர்கள் கேட்டார்கள். இணையத்தில் மலிவாக நிறைய கிடைக்கின்றன. ஒரு விற்பனையாளரும் அந்த ரகத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார். விவரத்தாளில், அது அளக்கக்கூடிய கதிரின் ஆற்றல் வரம்பு 50 கேஇவியிலிருந்து (கேஇவி என்பது கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) தொடங்குவதாகப் போட்டிருந்தது. அக்கா அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினார். எங்கள் சி-ஆர்மை 70 கேவி (கிலோவோல்ட்) மின்னழுத்தத்தில் ஓட்டினால், நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி நம் பக்கம் வரும் கதிரில் பெரும்பங்கு அந்த 50க்குக் கீழேதான் இருக்கும். அந்தக் கருவியைச் சரிபார்த்திருந்ததோ சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளில், அதாவது 662 கேஇவியில். அணு உலைக்காரருக்கு அது போதுமாக இருக்கலாம். எங்களுக்கு எப்படிப் போதும்?

வாயால் பேசி என்ன பயன் என்று, கருவியைச் சில நாள் இரவல் கேட்டு வாங்கினோம். எங்களுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவ இயற்பியலாளர் தன் அயனி அறை மீட்டரை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான ஓர் அளவுமானியை, கொண்டுவந்தார். மேசைமேல் நோயாளிக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டி. டாக்டர் நிற்கும் இடத்தில், மார்பு உயரத்துக்கு ஸ்டாண்டில் இரண்டு மீட்டர்களும். தொடர் ஃபுளோரோவில், அதாவது எக்ஸ்ரே விடாமல் ஓடும் நேரலைப் படத்தில், இரவல் கருவி குறைவாகக் காட்டினாலும் ஏதோ காட்டியது. எக்ஸ்ரேயை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பும் பல்ஸ் முறைக்கு மாற்றியதும் அதன் எண் ஏறக்குறைய நின்றே போனது. பக்கத்து மீட்டரில் ஏறிக்கொண்டே இருந்தது. இரவல் கருவிக்கு உள்ளே இருப்பது கைகர் குழாய், கதிரை ஒவ்வொன்றாக எண்ணும் வகை. ஒவ்வொரு பல்ஸும் சில மில்லிவினாடிதான், அந்த நேரத்துக்குள் கதிர் அடர்த்தியாக வந்து விழுகிறது, குழாயால் எண்ணி முடிக்க முடிவதில்லை. சும்மா இருக்கும் எண்ணைப் பார்த்து டாக்டர் இன்னும் கிட்டே போய் நிற்பார், அதுதான் ஆபத்து. நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினோம். குறைந்த ஆற்றலுக்கும் பல்ஸுக்கும் ஈடுகொடுக்கும் வகை விலை கூடுதல்தான். அதனால் ஆளுக்கொன்று வாங்காமல் அறைக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டோம். பதிவுக்குரிய கணக்கு பேட்ஜிலேயே இருக்கிறது.

டாக்டர்களுக்கு இரண்டு பேட்ஜ் என்றதும் முணுமுணுப்பு. ஒன்று ஈய ஏப்ரனுக்கு உள்ளே, ஒன்று வெளியே கழுத்துப் பக்கம். வெளியே இருப்பது கண்ணுக்காக. கண் வில்லைக்கான வரம்பை ஐசிஆர்பி என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து (உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஐந்தாண்டுச் சராசரியாக 20க்குக் குறைத்துவிட்டது. இதைச் சொன்னதும் ஒருவர் பேசாமல் வாங்கி மாட்டிக்கொண்டார். ஊசி போடும்போது விரல் கதிர்ப்பாதைக்குப் பக்கத்திலேயே போவதால் மோதிர வகையும் எடுத்தோம். அது கையுறைக்குள் இருக்க வேண்டும். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டால் அந்தச் சூட்டில் கணக்கு கெட்டுவிடும் என்று நர்ஸ்களிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

முதல் அறிக்கையில் ஒரு தங்கையின் எண் மட்டும் உயர்ந்திருந்தது. விசாரித்தால், வேலை முடிந்ததும் பேட்ஜோடு ஏப்ரனை அறைக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் இல்லாத நேரத்திலும் பேட்ஜ் வேலை பார்த்திருக்கிறது. இப்போது பேட்ஜ் பலகை வரவேற்பு மேசைக்குப் பின்னால். கன்ட்ரோல் பேட்ஜும் அங்கேதான். அதில் சேரும் இயற்கைக் கதிர்வீச்சைத்தான் மற்றவர்கள் கணக்கிலிருந்து கழிக்கிறார்கள். அது எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் இருந்தால் எல்லார் எண்ணும் பொய்யாகக் குறையும்.

ஒப்பந்தத்தில் நான் பிடிவாதமாகச் சேர்த்த ஒரு வரி, கர்ப்பமான ஊழியருக்கு இடையிலேயே மாதப் பேட்ஜுக்கு மாற்றித் தர வேண்டும் என்பது. கர்ப்பம் தெரிவித்த பிறகு மீதி மாதங்களில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது ஐசிஆர்பி சொல்வது. மூன்று மாதம் காத்திருந்து எண்ணைப் பார்க்கும் விஷயமா அது? விற்பனையாளர் கொஞ்சம் இழுத்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார்.

இப்போது பேச்சு நடப்பது எலெக்ட்ரானிக் கருவிகளின் வருடாந்திர அளவுத்திருத்தம் பற்றி. வெளிநாட்டுக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். அதுவரை மாற்றுக் கருவி தருவதாக எழுதிக் கொடுத்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டேன். பதில் மின்னஞ்சல் இன்னும் வரவில்லை.